விளக்கு எரிகிறது, பேச்சு வரவில்லை

கோத்தகிரிப் பக்கம் மழை என்றால் ஐப்பசிதான். கூடலூரில் ஆனி ஆடியிலேயே கொட்டித் தீர்த்துவிடும். எங்களுக்கு அது வடகிழக்குப் பருவமழையில் வரும். அந்த மாதங்களில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் எனக்கு வரும் போன்களில் பாதி, "கீபோர்டு எடுக்கல, மவுஸ் எடுக்கல" என்பதாகத்தான் இருக்கும்.

அப்படி ஒரு நாள் ஒரு தேயிலை ஃபேக்டரியிலிருந்து கூப்பிட்டார்கள். விவசாயிகள் பச்சை இலை கொண்டுவந்து எடை போடும் இடத்தில் ஒரு பார்கோடு ஸ்கேனர். அது லினக்ஸ் கம்ப்யூட்டரில் வேலை செய்யவில்லை. கணக்கு பார்க்கும் அக்கா கேட்டார்: "தம்பி, இது மூணாவது ஸ்கேனர். மெஷினே சரியில்லையோ? விண்டோஸ் போட்டுடலாமா?" வெளியே இலை மூட்டைகளோடு வரிசை நின்றது. ஸ்கேனர் படிக்க வேண்டிய விவசாயிகளின் பார்கோடு அட்டை எண்ணைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு எண் மாறினால் ஒருவருடைய இலைக் காசு இன்னொருவர் கணக்குக்குப் போய்விடும். அதை நினைத்தாலே எனக்குக் கை பரபரத்தது.

ஸ்கேனரைச் செருகினால் பீப் சத்தம் வருகிறது, சிவப்பு விளக்கும் எரிகிறது. அதனால்தான் எல்லோரும் மென்பொருளைச் சந்தேகப்பட்டார்கள். யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் பேச்சுக்கு, அதாவது தகவல் போய்வர. விளக்கு எரிவதற்கு முதல் இரண்டே போதும்.

இணைந்திருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைத் தட்டினேன். பட்டியலில் ஸ்கேனர் இல்லை. பட்டியலில் இருந்து, எழுத்து மட்டும் வராமல் இருந்தால் டிரைவரை, அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருளைப் பார்க்கலாம். பட்டியலிலேயே இல்லாதபோது டிரைவரை நோண்டுவது வீண் வேலை. அப்புறம் டீமெஸ்ஜி, லினக்ஸின் உள்பதிவுகளைக் காட்டும் கட்டளை. செருகும்போதெல்லாம் ஒரே வரி: "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -71". செருகியதும் கம்ப்யூட்டர் முதலில் கேட்பது "நீ யார்?" என்றுதான். அந்தப் பதில் சிதைந்து வந்தாலோ, வராமலே போனாலோ இந்த -71 வரும். பெரும்பாலும் கேபிள், போர்ட் போன்ற வன்பொருள் கோளாறுதான்.

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். எடை மேடைக்கு எட்டவேண்டும் என்று 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு, அதன் நுனியில் ஸ்கேனரின் சொந்த வயரையும் இணைத்திருந்தார்கள். யூஎஸ்பி 2.0-க்கு மொத்தமே 5 மீட்டர்தான் வரம்பு. இணைப்பு ஜன்னலோரம் தொங்கியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே தகடுகளில் பச்சைக் களிம்பு. கோடையில் எப்படியோ தாக்குப்பிடித்த கேபிள், மூடுபனியின் ஈரத்தில் கைவிட்டுவிட்டது.

ஸ்கேனரை நேராக கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் செருகினேன். சரி, பட்டியலில் வந்துவிட்டது. லினக்ஸுக்கு அது ஒரு கீபோர்டுதான். எடிட்டரைத் திறந்து ஒரு அட்டையைக் காட்டினேன். எண் விழுந்து, கர்சர் அடுத்த வரிக்குப் போனது.

எல்லாக் கோளாறும் இப்படி ஈரத்தால் வருவதில்லை. வேறோர் இடத்தில் மவுஸ் சில நொடி சும்மா இருந்தால் செத்ததுபோல் ஆகிவிடும், கிளிக் செய்தால்தான் எழும். யாரோ மின்சாரம் மிச்சப்படுத்த பவர்டாப் என்ற லினக்ஸ் கருவியின் ஆட்டோ-டியூன் ஓட்டியிருந்தார்கள்; அது சும்மா இருக்கும் சாதனங்களைத் தூங்க வைத்துவிடும். அந்த மவுஸின் பவர் கன்ட்ரோலை "ஆட்டோ"விலிருந்து "ஆன்" ஆக்கியதும் தீர்ந்தது.

ஃபேக்டரியில் மேசையையே எடை மேடை அருகே நகர்த்தினோம். எக்ஸ்டென்ஷன் தேவைப்படவில்லை. கிளம்பும் முன், "பழைய ஸ்கேனர் ரெண்டும் இருக்காக்கா?" என்று கேட்டேன். பீரோவிலிருந்து எடுத்து வந்தார். ஒன்றைச் செருகினோம், எண் விழுந்தது. மற்றதையும் செருகினோம். அதுவும் படித்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஒன்றை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஜன்னலுக்கு எட்டாத தட்டில் வைத்தார்.