மூன்று வாரம் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டோம், கோளாறு கிட்னியில் இருந்தது

என் பையனுக்கு அப்போது நாலு வயது. ஆடி மாதம், ஏற்காட்டில் விடாத சாரல். காலையில் எழுந்தால் கண் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருக்கும், பத்து மணிக்கு மேல் தானாக வற்றிவிடும். வற்றிவிடுகிறதே என்றுதான் முதல் நாலைந்து நாள் விட்டுவிட்டோம். அப்புறம் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். அலர்ஜி, குளிர் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்ணுக்குச் சொட்டு மருந்தும் ஒரு சிரப்பும் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் போனோம், அதே மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். மறுபடி போனோம், தலையணையை வெயிலில் போடச் சொன்னார்கள். ஆடியில் ஏற்காட்டில் வெயிலுக்கு நான் எங்கே போவது?

கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் மாமியார். குளிப்பாட்டும்போது பையனின் கணுக்காலை விரலால் அழுத்திவிட்டு, "இங்க பாரு சாமி, அமுக்குன எடம் குழியாவே நிக்குது" என்றார். பார்த்தால் வயிறும் உப்பல், டவுசர் நாடா பதிந்த கோடு அழியவே இல்லை. சாப்பிடாமல் அடம்பிடிக்கும் பிள்ளைக்கு எடை மட்டும் ஏறியிருந்தது. பாத்ரூமில் அவன் ஒன்னுக்குப் போன இடத்தில் சோப்புத்தூள் கொட்டினதுபோல நுரை நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன், யாரோ துணி துவைத்திருக்கிறார்கள் என்று தண்ணீர் ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் என் மேலேயே எனக்குக் கோபம் வரும்.

மறுநாள் முதல் பஸ் பிடித்து சேலம் இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி. குழந்தை டாக்டர் அவன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் யூரின் பிடித்து வரச் சொன்னார், அதில் ஒரு ஸ்ட்ரிப்பை முக்கினார், ஒரு நிமிடத்தில் மஞ்சள் கட்டம் கரும்பச்சையாகிவிட்டது. நாலு பிளஸ், அதாவது யூரினில் புரோட்டீன் மிக அதிகம். மூன்று வாரமாக யாருக்கும் தோன்றாத பரிசோதனை இவ்வளவுதான், ஒரு நிமிட வேலை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காலையில் கண் வீங்கி மதியம் வற்றினால், ரெண்டு நாளுக்கு மேல் போனால், யார் என்ன சொன்னாலும் சரி, யூரினில் ஆல்புமின் என்கிற புரோட்டீன் போகிறதா பார்த்துவிடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நோயின் பெயர் நெஃப்ராட்டிக் சின்ட்ரோம். கிட்னி என்று காதில் விழுந்ததுமே எனக்கு டயாலிசிஸ்தான் கண்முன் வந்தது. என் வீட்டுக்காரர் காபி எஸ்டேட்டில் வேலை என்று தெரிந்துகொண்டு டாக்டர் சொன்னார்: வடிகட்டியின் ஓட்டை பெரிதானால் டிகாஷனோடு தூளும் இறங்கிவிடும் இல்லையா, அதுபோல ரத்தத்தில் நிற்க வேண்டிய ஆல்புமின் யூரினோடு இறங்கிவிடுகிறது. ஆல்புமின் குறைந்தால் ரத்தக்குழாய்க்குள் நீர் நிற்காமல் வெளியே கசிந்து உடம்பு வீங்குகிறது. கிட்னி செயலிழந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை, கிட்னி வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இவனுக்கு ரத்தத்தில் சரியாகவே இருந்தது. சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு மாத்திரையிலேயே கேட்கும், ஆனால் திரும்பத் திரும்ப வரும் பிள்ளைகளும் நிறைய உண்டு என்றார். இந்த இரண்டாவது பாதி அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

அட்மிஷன் ஐந்து நாள், அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, நன்றாகவே பார்த்தார்கள். அலைச்சல் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதலாவது மாண்டூ ஊசி. ஸ்டீராய்டு தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, கையில் தோலுக்குள்ளேயே போடுவார்கள், 48 மணியிலிருந்து 72 மணிக்குள் வந்து தடிப்பை அளந்து பார்க்க வேண்டும். எங்களுக்குப் போட்டது வெள்ளிக்கிழமை, அட்மிஷனுக்கு முன்னால், வெளியே ஒரு லேபில். ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கி வந்தால் ஷட்டர் இறக்கியிருக்கிறது. போன் போட்டால் எடுக்க ஆள் இல்லை. கையைக் காட்டுவதற்காக வந்துவிட்டு, கையைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனோம். திங்கட்கிழமை காலை கடைசி நேரத்தில் ஓடி வந்து காட்டினோம். தூரத்திலிருந்து வருகிறவர்கள் செவ்வாயோ புதனோ போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேன். டிஸ்சார்ஜ் ஆகி, பின்னாடி வேறொரு இடத்தில் காட்டியபோது ஒருவர் சீட்டில் 24 மணி நேர யூரின் என்று எழுதிவிட்டார். லேப்காரர் ஐந்து லிட்டர் கேனைக் கையில் கொடுத்து, ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது என்றார். நாலு வயசுப் பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் நான் அடுப்பில் இருந்தபோது மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் போய் அடித்துவிட்டு வந்தான். சரி, மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தடவை ராத்திரி படுக்கையில் போய்விட்டான். மூன்றாம் தடவை எப்படியோ பிடித்து, கேனைத் துணிப்பையில் வைத்து மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தால், எந்த மணிக்குத் தொடங்கினீர்கள், எந்த மணிக்கு முடித்தீர்கள், எழுதவில்லையா, அப்படியானால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று அந்தக் கவுண்டர் பெண் தலை நிமிராமல் சொன்னார். எழுத வேண்டும் என்று கேன் கொடுத்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை! எங்கள் பழைய டாக்டரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சின்னப் பிள்ளைக்கு எதற்கு இது, காலை முதல் யூரினில் கொஞ்சம் பிடித்து புரோட்டீனையும் கிரியேட்டினினையும் அளந்து விகிதம் பார்த்தால் போதும் என்று வேறு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு சின்ன டப்பாவில் முடிந்தது.

காப்பீட்டு அட்டை விஷயத்தில் தப்பு எங்களுடையதுதான். பின்னால் பயாப்சி (கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது) அது இது என்று போனால் உதவும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள் என்றார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு இறங்கினோம். பார்த்தால் ரேஷன் கார்டில் பையன் பெயரே இல்லை. பிறந்து நாலு வருடமாகிறது, சேர்க்கவே இல்லை, இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளியிருக்கிறோம். யாருக்காக அட்டையோ அவன் பெயர் மட்டும் இல்லை. அவனுக்கு நீல ஆதார் எடுத்து, கார்டில் பெயர் ஏற்றி, அப்புறம் போய் வாங்கினோம். பிள்ளை நன்றாக இருக்கும்போதே இதைச் செய்து வையுங்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். வீக்கம் வற்றிய எடை 15 கிலோ, கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 30 மில்லிகிராம், ஆறு வாரம். பிறகு கிலோவுக்கு 1.5 என்று குறைத்து ஒன்று விட்டு ஒரு நாள், இன்னும் ஆறு வாரம். இது என் பையனுக்கு எழுதிய கணக்கு, உங்கள் பிள்ளைக்கு டாக்டர் எழுதுவதுதான். பதினோராம் நாள் காலை வீட்டில் முக்கிப் பார்த்த ஸ்ட்ரிப் மஞ்சளாகவே நின்றது. தொடர்ந்து மூன்று நாள் அப்படி நின்றால்தான் நோய் அடங்கியது என்று சொல்வார்கள். மூன்றும் நின்றது.

அடங்கியதும்தான் வீட்டில் சண்டை. கன்னம் இரண்டும் இட்லியாக உப்பிவிட்டது, நடுராத்திரி எழுந்து சோறு கேட்கிறான், கொடுக்காவிட்டால் கடிக்கிறான். வருகிறவர்கள் எல்லாம் ஸ்டீராய்டா, ஐயோ, என்கிறார்கள். நீர்தான் வற்றிடுச்சே, மாத்திரையை நிறுத்திட்டு நெருஞ்சில் கஷாயம் வை என்று மாமியாரும் சேர்ந்துகொண்டார். நோயைக் கண்டுபிடித்தவர் ஆயிற்றே, அவரிடம் எப்படி வாதாடுவது? டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போனேன். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், திடீரென்று நிறுத்தினால் பிள்ளை சுருண்டு விழலாம், முகம் மாத்திரை குறையக் குறைய இறங்கும் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். அதற்குப் பிறகு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின்னால் எடுத்துக் கொடுப்பதே மாமியார்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் வாதாடாதீர்கள், அடுத்த செக்கப்புக்குக் கூட்டிப் போங்கள்.

சாப்பாட்டில் ஆளுக்கொரு யோசனை. புரோட்டீன் போகிறதே, தினம் நாலு முட்டை கொடு என்று ஒருவர், கிட்னி என்றால் பருப்பே கூடாது என்று இன்னொருவர். வயசுக்கு ஏற்ற சாதாரணச் சாப்பாடுதான் என்றார் டாக்டர். கறார் எல்லாம் உப்பில், அதுவும் வீக்கம் இருக்கும்போது. மாவு ஆட்டியதும் உப்புப் போடுவதற்கு முன் அவனுக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். அப்பளம், ஊறுகாய், கருவாடு, சிப்ஸ் கண்ணிலேயே காட்டக்கூடாது. இந்துப்பு நல்லது என்று ஒருவர் பொட்டலம் கட்டிக் கொடுத்தார், அதுவும் உப்புதானே. ஆனால் சேலம் இறங்கினால் தட்டுவடை செட் கடையைத் தாண்டி அவனைக் கூட்டி வருவதுதான் இன்றுவரை பெரிய பாடு.

மூன்று மாத மருந்து முடிந்து நிம்மதியாக இருந்தோம். தை மாதம் சளி, காய்ச்சல். பின்னாலேயே மூன்று நாள் மூன்று பிளஸ். தொடர்ந்து மூன்று நாள் மூன்றோ நாலோ பிளஸ் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு, கண் வீங்கும்வரை காத்திருக்கக் கூடாது. போனில் சொன்னோம், மாத்திரையை அன்றே மறுபடி தொடங்கினார்கள், அட்மிஷன் இல்லாமலே ஒன்பது நாளில் அடங்கியது. காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற அந்த நாற்பது பக்க நோட்டுக்குத்தான் இந்தப் பெருமை: தேதி, காலை யூரின், எடை, எத்தனை மாத்திரை, காய்ச்சல் உண்டா.

அந்த நோட்டே ஒரு தடவை காலை வாரியும் விட்டது. ஒரு மழைக்காலக் காலையில் ஸ்ட்ரிப் இரண்டு பிளஸ், மறுநாள் மூன்று, அதற்கு மறுநாளும் மூன்று. பையனோ ஓடி விளையாடுகிறான், எடையும் ஏறவில்லை. அலறியடித்துக்கொண்டு கார் பிடித்துக் கீழே வந்தோம், வாடகையை எழுதினால் வயிறு எரியும். அங்கே பார்த்தால் 'நில்' (nil), புரோட்டீன் துளியும் இல்லை. பாட்டிலை வாங்கிப் பார்த்த நர்ஸ், "எங்க வெச்சிருக்கீங்க அக்கா?" என்றார். பாத்ரூம் ஜன்னலில், வசதியாக இருக்கட்டும் என்று. மூடி அரைகுறை, உள்ளே இருந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை நானே முதல் நாள் குப்பையில் போட்டிருந்தேன். மலைப் பனியெல்லாம் உள்ளே போய், தொடாத ஸ்ட்ரிப்பிலேயே கட்டம் பச்சை ஏறிக் கிடந்தது. போதாக்குறைக்கு, முக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வந்துதான் நிறம் பார்ப்பேன். பாட்டிலில் போட்டிருக்கிற விநாடிக் கணக்கில் பார்க்க வேண்டும், தாமதித்தால் நிறம் கூடிக்கொண்டே போகும்.

அந்த நர்ஸ்தான் இன்னொரு வழியும் சொல்லிக் கொடுத்தார். சோதனைக் குழாயில் முக்கால்வாசி யூரின், மேல் பாகத்தை மட்டும் விளக்கில் காட்டிக் கொதிக்க வைத்தால் கலங்குகிறதா என்று பார்ப்பது, கலங்கினால் ரெண்டு மூன்று சொட்டு வினிகர். தெளிந்துவிட்டால் பயம் இல்லை, கலங்கலாகவே நின்றால் புரோட்டீன். இப்போது ஸ்ட்ரிப்பில் சந்தேகம் வந்தால் அதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவது. வயிற்றுவலியோடு காய்ச்சல், யூரின் நின்றுபோவது, இந்த இரண்டுக்கு மட்டும் எந்தப் பரிசோதனையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், நேரே ஆஸ்பத்திரிதான். ஸ்டீராய்டு ஓடும்போது வேப்பிலை கட்டிய வீட்டுப் பக்கம் போய்விட்டான் என்று தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டருக்குப் போன். தடுப்பூசியும் அப்படித்தான், எது போடலாம் எது இப்போது கூடாது என்று கேட்காமல் முகாமில் வரிசையில் நிற்க வேண்டாம்.

போன செக்கப்பில் எங்கள் டாக்டர் லீவு, புதிதாக ஒரு சின்ன வயசு டாக்டர் இருந்தார். சீட்டில் மறுபடி 24 மணி நேர யூரின் என்று எழுத ஆரம்பித்தார். சார், காலை யூரினில் விகிதம் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, போதும்மா என்று அடித்துத் திருத்தினார். கேன் கேட்டிருந்தாலும் எங்களிடம் இல்லை. பழைய கேனை மாமியார் பாதியாக அறுத்துக் கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கிறார்.