நெல்லிலையும் ஒரு கரண்டி சவர்க்காரமும்

2021 காலபோகம், மாரிமழையோடு விதைக்கும் பெரும்போகம். இலங்கையில் இரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் தடை வந்த வருசம். கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் நெல் வயலில் இலைசுருட்டிப் புழு விழுந்துவிட்டது. கடையில் மருந்து இல்லை. வேப்பங்கொட்டையை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடித்து, தோளில் போட்டு மருந்தடிக்கும் மெசினில் ஊற்றிக்கொண்டு இறங்கினேன். அரை ஏக்கர் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இலையெல்லாம் நனையாமல் அப்படியே நிற்கிறது. அடித்தது முத்து முத்தாக உருண்டு சேற்றுக்குள் போயிருந்தது.

வரம்பில் நின்ற பெரியப்பா கேட்டார்: "சவர்க்காரம் போட்டனியே பிள்ளை?"

"இல்லைப் பெரியப்பா."

"அப்ப சேத்துக்குத்தான் மருந்தடிச்சிருக்கிறாய்."

உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைச் சீவி, ஒரு சின்னக் கரண்டி கரைத்துக் கலந்தோம். அதே கரைசல், அதே இலை. இந்த முறை துளி விழுந்த இடத்திலேயே தட்டையாகப் பரவி, இலை நனைந்து பச்சை கறுத்தது.

தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்கிறோமே, நெல்லிலையும் அந்தச் சாதிதான். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள்; மேட்டின் மேல் மெழுகு. துளி மேடுகளின் நுனியில்தான் குந்தியிருக்கும், அடியில் காற்று. ஜேர்மனியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட்டும் கிறிஸ்தொப் நைன்ஹூயிசும் 1997இல் தாமரை இலையை வைத்து இதை விளக்கினார்கள். இப்படியான இலையில் துளியின் தொடுகைக் கோணம், அதாவது துளியின் ஓரம் இலையைத் தொடும் கோணம், 150 பாகையைத் தாண்டும், கிட்டத்தட்ட முழு உருண்டை. நெல்லிலையில் இன்னொரு விசயம்: துளி நரம்போடு நீளவாக்கில் வழுக்கி ஓடும், குறுக்கே போகத் தயங்கும். விடியப்புறம் பனித்துளியோடு ஒரு இலையைச் சரித்துப் பாருங்கள், தெரியும்.

சவர்க்காரம் என்ன செய்கிறது? தண்ணீரின் பரப்பிழுவை, அதாவது துளியை உருட்டிப் பிடித்திருக்கும் மேற்பரப்பு இழுப்பு, மீற்றருக்கு 72 மில்லிநியூற்றன் அளவில் இருப்பதைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது. பிறகு தண்ணீரால் உருண்டையாக நிற்க முடியாது, மேடுகளுக்கிடையில் இறங்கிவிடும். மருந்து பிடிக்கவில்லை என்று இரண்டு மடங்கு கலந்து அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். மெசினை நிரப்ப முதல் ஒரு துளியை இலையில் விட்டுப் பாருங்கள். உருண்டால் இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் வேணும். பரவினால் போதும், கூடினால் வழிந்து போகும், இலையும் கருகும்.

ஆனால் அந்த மெழுகை நான் குறை சொல்லமாட்டேன். 2018 மார்கழி வெள்ளத்தில் பயிர் முழுக்கத் தண்ணிக்குள். கலங்கல் அடங்கின பிறகு குனிந்து பார்த்தேன்: மூழ்கிய இலைகள் வெள்ளித் தகடு மாதிரி மின்னின. பெருவிரலால் ஒரு இலையை அழுத்தித் தேய்த்தேன். தேய்த்த இடம் மட்டும் வெறும் பச்சையாகிப் போனது. அந்த வெள்ளி, இலையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய காற்றுப்படலம். தண்ணிக்குள் நெல் மூச்சுவிடுவது அதன் வழியாகத்தான். சில நாட்களுக்குத் தாங்கும். மூன்றாம் நாள் தண்ணி வடிய, பள்ளத்துப் பக்கம் தவிர மற்றதெல்லாம் நிமிர்ந்தது.

சவர்க்காரம் பட்ட இலையில் அந்தக் காற்று நிற்காது. அதனால் இரணைமடுக் குளத்துப் பக்கம் வானம் கறுத்திருந்தால் நான் மெசினைத் தோளில் போடுவதில்லை.