அபுமோவின் முகம்: சுவோதைஜி முகமூடி செதுக்கும் வேலை

சீனாவின் குய்சோ மாகாணத்தில், வெய்னிங் மலைப்பகுதியில் வாழும் யி மக்கள் சாந்திரப் புத்தாண்டின் முதல் மாதத்தில் ஆடும் முகமூடிக் கூத்துதான் சுவோதைஜி. 2006இல் அந்நாட்டின் தேசிய மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஆதி மூதாதைகள் காட்டிலிருந்து வந்து, உழுது, பக்வீட் தானியம் விதைத்துக் காட்டி, கடைசியில் வீடு வீடாகப் போய்க் கேடுகளை விரட்டிவிட்டுத் திரும்புவார்கள். அவர்களில் மூத்தவர் அபுமோ. வயது 1,700! அவர் முகத்தைத்தான் செதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அங்கே ரோடோடென்ட்ரான் போன்ற மரங்களில் செய்கிறார்கள். நம் நீலகிரியின் காட்டுப்பூவரசு அதே இனம்தான், ஆனால் சோலை மரத்தில் கைவைக்கக் கூடாது. அதனால் குமிழ்க் கட்டை எடுத்துக்கொண்டேன். உளிக்கு நன்றாக வழிவிடும் மரம்.

நீளம் ஓரடி. புடைத்த நெற்றி, நேராக இறங்கும் நீண்ட மூக்கு, கண்ணுக்கும் வாய்க்கும் வெறும் துளைகள், அவ்வளவுதான். நடுக்கோடு போட்டு, மூக்குத்தண்டை உயரமாக விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கன்னத்தை இறக்கினேன். அப்புறம் பின்பக்கம் குடைவு. கண் துளை வழியாக ஆள்காட்டி விரலை விட்டு, கட்டைவிரலால் வெளியே அழுத்தினால் எங்கே இன்னும் கனமாக இருக்கிறது என்று கைக்கே தெரிந்துவிடுகிறது.

முகப்பில் உப்புத்தாள் போடவே இல்லை. விளக்குக்கரியை வச்சிரப் பசையில் குழைத்துப் பூசியதும், உளி பட்ட ஒவ்வொரு தடமும் பக்கவாட்டு வெளிச்சத்தில் தனியாக எழுந்து நின்றது. தலையைத் திருப்பினால் முகமே அசைகிறது. வழவழப்பாக்கியிருந்தால் இது கிடைத்திருக்காது.

கருப்பின் மேல் வெள்ளைக் கோடுகள் இழுப்பது அவர்கள் வழக்கம். நான் சுண்ணாம்பைக் கரைத்து நெற்றியில் தொடங்கினேன். முதல் கோட்டில் ஒன்றும் தெரியவில்லை. கன்னத்துக் கோடுகளும் விழுந்த பிறகு கிழவர் வந்துவிட்டார்! அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

வெள்ளைத் தாடி மட்டும் பாக்கி. 1,500 வயது மூதாட்டி அதாமோவுக்குத் தாடி கிடையாது, 1,200 வயது மஹோங்மோவுக்குக் கருந்தாடி. அடுத்து எடுக்கப்போவது 1,000 வயது ஹெபு. மேலுதடு பிளந்த முகம். பிளவு மரத்தின் ரேகையோடு ஓடுவதால் மூக்குவரை வெடிக்கக்கூடும். அந்த இடத்தில் பின்பக்கக் குடைவைக் குறைத்து, கட்டையைத் தடிப்பாகவே விட்டு ஆரம்பிக்கப்போகிறேன்.