முரானோத் தீவில் ஒரு காளான் விளக்கு

வெனிஸ் நகரின் வடகரையில் உள்ள ஃபொண்டமெந்தே நோவே துறையிலிருந்து புறப்படும் படகு, கல்லறைத் தீவான சான் மிக்கேலேயைத் தொட்டுவிட்டுச் சிறிது நேரத்திலேயே முரானோவின் கொலோன்னா துறையை அடைந்துவிடுகிறது. தீ விபத்துக்கு அஞ்சிய வெனிஸ் குடியரசு, நகருக்குள் இருந்த கண்ணாடி உலைகளை 1291-இல் இத்தீவுக்கு மாற்றச் சொன்ன கதையை எல்லா வழிகாட்டிகளும் ஒப்பிப்பார்கள். நான் தேடி வந்ததோ அந்தப் பழம்பெருமையை அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கே ஊதப்பட்டு, இன்று சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு வாங்கும் மின்விளக்குகளை.

முரானோ விளக்கு என்றதும் பூவும் இலையுமாகக் கிளை விரிக்கும் சரவிளக்குதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த அலங்காரத்திலிருந்து விலகியவர்களில் முதன்மையானவர் மிலான் நகரத்து வழக்கறிஞரான பாவ்லோ வெனினி. பழம்பொருள் வணிகர் ஜாக்கொமோ கப்பெல்லினுடன் சேர்ந்து 1921-இல் அவர் தொடங்கிய நிறுவனம், ஓவியர்களையும் கட்டடக் கலைஞர்களையும் உலைக்கு முன் கொண்டுவந்து நிறுத்தியது. கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா 1932 முதல் 1947 வரை அங்கே பணியாற்றினார். 1950-களில் வெனினிக்காக விளக்குகளை வடிவமைத்த இளைஞர் மாசிமோ விஞ்ஞெல்லிதான், பின்னாளில் நியூயார்க் சுரங்க ரயிலின் புகழ்பெற்ற 1972-ஆம் ஆண்டு வரைபடத்தை உருவாக்கியவர். வண்ணப் பட்டைகள் கொண்ட அவருடைய 'ஃபூங்கோ' என்னும் காளான் வடிவ மேசை விளக்கைப் பார்க்கும்போது, வண்ணக் கோடுகளால் பேசும் அந்த வரைபடம் இங்கேயே முளைவிட்டுவிட்டதோ என்று தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டுமே.

காளான் வடிவத்தின் மீது முரானோவுக்கு அத்துடன் ஆசை தீரவில்லை. வெனிஸுக்குத் திரும்பி, ஒரு சந்துக்குள் இருந்த பழம்பொருள் கடையில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது, பெயர் அறியப்படாத ஓர் உலையில் செய்த காளான் விளக்கு. தண்டும் குடையும் தனித்தனியாக இல்லாமல் ஒரே மூச்சில் ஊதிய ஒரே கண்ணாடி அது. தெளிந்த கண்ணாடிக்குள் பால்வெள்ளைக் கோடுகள் அடியிலிருந்து உச்சிவரை சுழன்று ஏறுகின்றன. விளக்கு அணைந்திருக்கும்போது அதைப் பார்ப்பதே நல்லது என்பேன். கோடுகள் அச்சிட்டாற்போல ஒரே அகலத்தில் ஓடாமல், கழுத்து குறுகும் இடத்தில் நெருங்கி, குடை விரியும் இடத்தில் மெலிந்து பரவுவதும், இடையிடையே சிறு காற்றுக்குமிழிகள் நீண்டு கிடப்பதும் அப்போதுதான் தெரியும். ஸ்விட்சைப் போட்டால் இவை யாவும் ஒரு பொன்னிறப் புகைக்குள் மறைந்துவிடுகின்றன.

கடைக்காரர் அதை 'மிட் செஞ்சுரி', அதாவது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது, என்றார். இத்தகைய சுழல்கோட்டு விளக்குகளில் பெரும்பாலானவை 1970-களைச் சேர்ந்தவை என்றாலும், வணிகர்களின் நாட்காட்டியில் நடு நூற்றாண்டு சற்று நீளமானதுதான். யார் செய்தது என்பது இன்னும் சிக்கல். பல உலைகள் ஒட்டுத்தாளை மட்டுமே நம்பியிருந்தன. துடைத்துத் துடைத்து அது போய்விட்டால் விளக்கு அநாதையாகிவிடும். வெனினியின் பழைய படைப்புகள் பலவற்றில் அமிலத்தால் பொறித்த பெயர் இருக்கும் என்பது அந்த வகையில் ஓர் ஆறுதல். 'முரானோ' என்று எழுதிய ஒட்டுத்தாள் இருப்பதாலேயே ஒரு பொருள் அங்கே செய்யப்பட்டதாகிவிடாது. போலிகளின் தொல்லை தாங்காமல்தான் வெனிஸ் அடங்கிய வெனெத்தோ மாநிலம் 1994-இல் முரானோ கண்ணாடிக்கெனத் தனி வணிகச் சின்னத்தைச் சட்டமாக்கியது.

ஆகவே தாளைவிடக் கண்ணாடியைப் படிக்கப் பழகுவது மேல். இரு வேறு நிறக் குமிழிகளைச் சூட்டோடு சூடாக வாயோடு வாய் பொருத்தி ஒன்றாக்கும் 'இன்கால்மோ' முறை ஒரு நல்ல சோதனை. இரண்டின் விட்டமும் இம்மியளவும் பிசகக் கூடாது. தேர்ந்த மாயெஸ்த்ரோவின், அதாவது தலைமைக் கண்ணாடிக் கைவினைஞரின், கைவேலையில், நிறம் மாறும் எல்லை கண்ணுக்குத் தெரியுமே தவிர விரல் நுனிக்குத் தட்டாது.

தொங்கும் விளக்குகளைத் தேடுவோர், கட்டடக் கலைஞர் ஆஞ்செலோ மஞ்ஜரோத்தி 1967-இல் முரானோவின் விஸ்தோசி நிறுவனத்துக்காக வடிவமைத்த 'ஜோகாலி'யைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வளைந்த கண்ணாடிக் கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, இடையில் கம்பியோ திருகாணியோ இன்றிக் கண்ணாடித் திரையாக இறங்குகின்றன.

வாங்கி ஊருக்குக் கொண்டுவர நினைப்போர் மின்கம்பியையும் கவனிக்க வேண்டும். இத்தாலிய மின்னழுத்தத்துக்கும் நம்முடையதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நம் வீடுகளில் பரவலாக உள்ள பின் பல்பு இவ்விளக்குகளில் பொருந்தாது; திருகு பல்புதான் வேண்டும். பழைய கம்பியின் உறை வெடித்திருந்தால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு முழுவதும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு; அதே நிறக் கம்பி கிடைத்தால் விளக்கின் தோற்றமும் கெடாது. இழை பல்புக்காக வடிவமைத்த இக்கண்ணாடிக்குள் வெள்ளொளி எல்இடியைப் பொருத்தினால் பால்வெள்ளை நீலம் பாய்ந்து தெரியும். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் கணக்கில் 2700 அளவிலான மஞ்சள் ஒளியே ஏற்றது.