பீமுக்குக் கீழே ஓர் ஆஃப்செட்

டக்ட் வேலையில், அதாவது குளிர்காற்று போகிற தகட்டுக் குழாய் செய்வதில், நேர் பீஸை யாரும் மடித்துவிடலாம். வந்த தடத்திலிருந்து டக்டைச் சாய்வாக விலக்கி மறுபடி நேராக்குகிற பீஸ்தான் ஆஃப்செட். அது கைக்கு வந்த பிறகுதான் ஓர் ஆளை ஃபேப்ரிகேட்டர் என்று சொல்ல முடியும். நான் அதைப் பழகியது மண்டபம் பக்கம், மீன் பதப்படுத்துகிற ஷெட் ஒன்றில். சொல்லிக்கொடுத்தவர் கீழக்கரைக்காரர், வளைகுடாவில் பல வருஷம் டக்ட் அடித்துவிட்டு ஊர் திரும்பியவர். சைட்டில் எல்லோருக்கும் அவர் காக்கா; அவர்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பேக்கிங் அறைக்குப் போகிற டக்ட், 600 மில்லி அகலம், 300 மில்லி உயரம். வழியில் ஒரு கான்கிரீட் பீம். அதற்குக் கீழே இறக்கிக் கொண்டுபோக வேண்டும். காக்கா டேப்பைத் தொடுவதற்கு முன்னால் நூலை எடுத்தார். மேல் டக்டின் மேல் விளிம்பிலிருந்து நேராக நூலை இழுத்துக் கட்டி, கீழ் டக்டின் வாய்க்கு மேலே அது வருகிற இடத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். "சுவத்தையும் பீமையும் நம்பாத தம்பி. டக்டுக்கு டக்டுதான் அளவு. அடின்னா அடிக்கு அடி, மேலன்னா மேலுக்கு மேல." இரண்டு மூலையிலும் அளந்தார். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் டக்ட் முறுக்காமல் நிற்கிறது என்று அர்த்தம்.

இறக்கம் 250 என்று வந்தது. அதற்குள்ளேயே இன்சுலேஷனுக்கு 25 மில்லியும், அதைச் சுற்றக் கை நுழைகிற இடமும் சேர்த்தி. இரண்டு பீஸைச் சேர்க்கிற விளிம்புச் சட்டம், பிளேஞ்ச்; அந்த ஜாயின்ட் பீமுக்கு நேர் கீழே விழவும் கூடாது. இந்தக் கடற்கரையில் காற்றில் எப்போதும் ஈரம்; இன்சுலேஷன் சுற்றாமல் விட்ட இடத்தில் குளிர்ந்த தகடு வியர்த்துச் சொட்ட ஆரம்பிக்கும். அதற்கு நேர் கீழேதான் பெண்கள் நின்று இறாலைத் தட்டில் அடுக்குகிறார்கள்.

இறக்கத்துக்குக் கிடைத்த நீளம் 600. 600இன் வர்க்கம் 3,60,000, 250இன் வர்க்கம் 62,500, கூட்டினால் 4,22,500. அதன் வர்க்கமூலம் 650, அதுதான் சாய்வு நீளம். இரண்டு முனையிலும் பிளேஞ்சுக்கு 50, 50 நேர் விளிம்பு (காலர்) விட்டால் மேல் தகடும் அடித் தகடும் 750 நீளத்துக்குச் செவ்வகமாக வரும். பக்கத் தகடு இரண்டும் சாய்ந்த வடிவத்தில் வரும்.

எனக்கு அன்று பெரிதாகப் பட்டது அடுத்து அவர் காட்டியதுதான். வாய் இரண்டு பக்கமும் 300 இருந்தாலும் சாய்வின் நடுவே மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் 277தான் இருக்கிறது. இதே 250 இறக்கத்தை 250 நீளத்தில் முடித்தால் 45 டிகிரி. அப்போது நடுவில் 212 மில்லிதான். போகிற காற்று அங்கே நெருக்கப்படும், சத்தம் வரும், ஃபேன் வீணாக உழைக்கும். இடம் இருக்கும்போது சாய்வை நீட்டிப் போடுவதில் காக்கா கஞ்சத்தனமே காட்டமாட்டார்.

பக்கத் தகட்டைத் தரையில் முழு அளவில் சாக்பீஸால் வரையச் சொன்னார். பிறகுதான் ஷீட்டில் ஸ்க்ரைபர் என்கிற கீறு ஊசி. பக்கத் தகட்டின் ஓரத்தில் 6 மில்லி மடிப்பு, மேல் தகட்டில் அந்த மடிப்பைச் செருகிப் பூட்டுகிற பிட்ஸ்பர்க் லாக்குக்கு 25 மில்லிக்குக் கொஞ்சம் கூடுதல். பக்கத் தகடு இரண்டையும் ஒரே மாதிரி வெட்டலாம். ஓரத்தை மடிக்கும்போது ஒன்று இடக்கை, மற்றது வலக்கை. இதைத் தகட்டின் மேலேயே மார்க்கரால் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு இன்றும் உண்டு.

அளவில் இவ்வளவு கறாராக இருந்ததற்கு இந்த ஊர்க் காற்றும் காரணம். இரும்பு எப்படி அரிக்கிறது என்று சோதித்துப் பார்க்கவே காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிஐ ஷீட்டில் துத்தநாகப் பூச்சு இருக்கிறவரைதான் இரும்புக்குப் பாதுகாப்பு. சேராத பீஸை இழுத்துத் தட்டி, வெட்டி, ஒட்டுப்போட்டுச் சேர்த்தால் ஒவ்வொரு வெட்டும் ஒரு திறந்த ஓரம். முதலில் வெள்ளையாகப் பூக்கும், பிறகு செம்மண் நிறத்தில் வழியும். வேறு ஆட்கள் அப்படிச் சேர்த்துவிட்டுப் போன டக்டுகளைக் கழற்றியிருக்கிறேன். நடுத் தகடு பளபளவென்று இருக்கும்; ஒட்டுப்போட்ட ஓரம் விரலால் அழுத்தினால் உதிரும். தவிர்க்க முடியாத வெட்டுகளுக்குத் துத்தநாகப் பெயின்ட் அடித்து, அது காய்ந்த பிறகுதான் காற்றுக் கசியாமல் இருக்க ஜாயின்டில் கேஸ்கெட் ஒட்டுவோம்.

இப்போது ராமேசுவரத்தில் ஒரு லாட்ஜ் வேலை ஓடுகிறது. அங்கே டக்ட் 300 இறங்கி, 200 பக்கத்திலும் விலக வேண்டும். கிடைத்த நீளம் 600. மூன்றின் வர்க்கத்தையும் கூட்டினால் 4,90,000, மூலம் 700. நாலு மூலைக் கோட்டுக்கும் அதே 700தான். ஆனால் இதில் ஒரு தகடுகூடச் செவ்வகம் கிடையாது, நாலும் சாய்ந்தவை. கூட இருக்கிற பையன்கள் மொட்டை மாடியில் சாக்பீஸால் அதை வரைந்துகொண்டிருக்கிறார்கள். மூலைவிட்டங்களை நான் சரிபார்த்த பிறகுதான் ஷீட்டில் கத்திரி வைக்கணும் என்று சொல்லியிருக்கிறேன்.