டோக்கியோ பூங்காக்களில் சிள்வண்டுச் சட்டைகள்

ஜூலைக் கடைசியில் யோயோகி பூங்காவுக்குள் நுழைந்ததும் காதை அடைக்கும் சிள்வண்டு இரைச்சல். ஆனால் சத்தத்தை வைத்து இனம் சொல்வது பாதி வேலைதான். கத்துவது ஆண் மட்டுமே. அதுவும் வேறெங்கிருந்தோ பறந்து வந்திருக்கலாம். மரத்தில் உரித்த சட்டை, அதாவது சிறகு முளைக்கும்போது கழற்றிவிட்ட பழைய தோல், கிடைத்தால், அங்குள்ள மண்ணிலேயே வேர்ச்சாறு குடித்து வளர்ந்தது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், மெல்லிய தூரிகை, மூடியுள்ள டப்பா போதும். தண்டு மட்டுமின்றி இலைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

சேறு அப்பிய, சுமார் 2 செ.மீ. நீளமுள்ள உருண்டைச் சட்டை என்றால் நீநீசெமி (இங்கு வரும் பெயர்களெல்லாம் சிள்வண்டு இனங்களின் ஜப்பானியப் பெயர்கள்). மழை சேற்றைக் கழுவியிருந்தாலும் அந்தக் குட்டை உருவம் காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையான சிக்கல் 3 செ.மீ. அளவில் வரும் அபுராசெமிக்கும் மின்மின்செமிக்கும் இடையேதான். நிறத்தை நம்ப வேண்டாம்; வெயிலில் வெளுக்கும். வயிறு சுருங்குவதால் நீளமும் ஏமாற்றும். உணர்கொம்பின் கணுக்களை அடியிலிருந்து எண்ணுங்கள். மூன்றாம் கணு இரண்டாவதைவிடத் தெளிவாக நீண்டு, தடித்து, மயிர் அடர்ந்திருந்தால் அபுராசெமி. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளமாக, மெலிந்திருந்தால் மின்மின்செமி.

ஒல்லியான, 2.5 செ.மீ. சட்டைகளிலும் கொம்புதான் சாட்சி. நான்காம் கணு மூன்றாவதைவிட நீளமாகவும் உடல் பளபளப்பாகவும் இருந்தால் ஹிகுராஷி. நான்காவது குட்டையாக, பளபளப்பின்றி இருந்தால் ட்சுகுட்சுகுபோஷி.

காய்ந்த கொம்பு தொட்டாலே ஒடியும். நகங்கள் பட்டையில் கொக்கிபோல் மாட்டியிருப்பதால் வெடுக்கென்று இழுத்தால் கால்களும் போய்விடும். தூரிகையால் தண்ணீர் தடவி, சற்றுப் பொறுத்து, முதுகைப் பிடித்து மேல்நோக்கித் தூக்கினால் கழன்று வரும். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். முதலில் நிழலில் உலர்த்துங்கள். இரு கொம்புகளும் ஒடிந்திருந்தால் ஊகிக்காமல் ‘அபுரா அல்லது மின்மின்’ என்றே குறித்துக்கொள்வதுதான் நேர்மை. வெளியே வந்துகொண்டிருக்கும் பூச்சியைத் தொடவே கூடாது. சிறகு கோணி, பறக்க முடியாமல் போகும்.

ஆணா பெண்ணா என்பதும் தெரியும்: வயிற்று நுனியின் அடிப்பக்கத்தில் முட்டையிடும் உறுப்பின் நெடுக்குக் கோடு இருந்தால் பெண்.

ஒசாகாவுக்குப் போனால் வேலை சுலபம். அங்கே நகர் முழுக்கக் குமாசெமியின் ஆதிக்கம். பெரிய சட்டை, திருப்பினால் நடுக்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே தொப்புள்போல ஒரு குமிழ். அது தெரிந்தால் கொம்பைத் தேடத் தேவையில்லை.