நிறம்

“எது பிழை ரீச்சர்?”

“நிறம்.”

இவ்வளவுதான் கதை. 2018, இரண்டாம் தவணை, சித்திர அறை யன்னலோரம். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், நான் சொன்னேன். நான் சொன்னது பொய். அந்தத் தவணை என் கைக்கு வந்த படங்களில் நிறம் சரியாக விழுந்திருந்தது அந்த ஒன்றில்தான்.

மன்செஸ்ரரில் இருக்கிற அக்கா முந்தைய வருடம் ஒரு கலண்டர் அனுப்பியிருந்தா. பன்னிரண்டு மாதத்துக்கும் இங்கிலாந்து ஓவியர் எல். எஸ். லௌரியின் ஓவியங்கள். சல்போட், பென்டில்பரிப் பக்கத்து ஆலைத் தெருக்கள். புகைபோக்கிகள், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள், வேலை விட்டு வரும் சனம், நடுவில் ஒரு நாய். சனமெல்லாம் ஈர்க்குப் போல மெலிந்து, முன்பக்கம் சரிந்தபடி நடக்கும். வருடம் முடிந்ததும் தாள்களைக் கிழித்து வகுப்புச் சுவரில் ஒட்டினேன். மற்ற ஓவியர்களின் படங்களைக் காட்டினால் “வடிவாயிருக்கு” என்று விட்டுவிடும் பிள்ளைகள் இதற்கு முன்னால் நின்றார்கள். 1930இல் அவர் கீறிய, ஆலை விட்டு வரும் கூட்டத்தின் படத்தில் ஆட்களை எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

அவர் அந்தப் படங்களுக்குப் பாவித்தது ஐந்தே நிறம் என்று சொல்லிக்கொடுத்தேன். கறுப்பு, சிவப்பு, பிரஷ்யன் நீலம், மஞ்சட்காவி, வெள்ளை. ஐந்தையும் எழுதவும் வைத்தேன். இது முக்கியம், பிறகு வருகிறேன்.

அவருடைய தொழிலையும் சொன்னேன். 1910 தொடக்கம் 1952 வரை வீட்டுச் சொத்துக் கம்பனி ஒன்றில் வேலை, தெருத்தெருவாகப் போய் வாடகை வாங்குவது. ஓய்வு நேரத்தில் கீறுகிற ஆள் என்று தன்னைக் குறைவாக நினைத்துவிடுவார்கள் என்று அந்த வேலையைக் கடைசிவரை மறைத்தார். “அப்ப அந்த வீடுகளுக்குள்ள போனவரோ ரீச்சர்?” என்று இந்தப் பிள்ளைதான் கேட்டாள். நான் யோசிப்பதற்குள் பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன் சொன்னான்: “வாடகை வாங்க வாறவரை ஆர் உள்ளுக்குக் கூப்பிடுவினம்? வாசல்லதான் நிண்டிருப்பார்.”

சரி, உங்கள் ஒழுங்கையைக் கீறிக்கொண்டு வாருங்கள் என்றேன். கல்வி வலய மட்டப் போட்டிக்கு ‘எனது ஊர்’ என்று தலைப்பு வந்திருந்தது. இரண்டு வேலையும் ஒன்றாக முடியும் என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளை கீறியது அவள் இருக்கிற ஒழுங்கையை அல்ல. முகாம்.

வரிசையாகத் தறப்பாள் கூடாரங்கள். வெள்ளைத் தறப்பாளுக்கு இளநீலமும் ரோஸும் கலந்து பூசியிருந்தாள், விடியக்காலை வெளிச்சம் பட்டதுபோல. தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நீண்ட வரிசை, ஆனால் வரிசையில் ஆட்கள் இல்லை. மஞ்சள் கான்களும், கானில்லாதவர்கள் இடம்பிடிக்க வைத்த கற்களும் மட்டும். ஆட்கள் எல்லாரும் இந்தப் பக்கம், கதைத்துக்கொண்டும் தலை இழுத்துக்கொண்டும் இருந்தார்கள். சொப்பின் பையில் செய்த பட்டம் ஒன்று மேலே நின்றது. முள்ளுக்கம்பி முழுக்க உடுப்புக் காயப்போட்டிருந்தது. சிவப்பு, பச்சை, ஊதா, செம்மஞ்சள். கம்பியே தெரியவில்லை. கொடியேற்றத்தன்று கோயில் வீதியைப் பார்ப்பதுபோல இருந்தது.

“இது எந்த இடம்?” என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

“ஆனந்த குமாரசுவாமி, ரீச்சர்.”

யுத்தத்தில் இடம்பெயர்ந்த வன்னிச் சனத்தை 2009இல் வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் வலயங்களுக்குத் தமிழ்ப் பெரியவர்களின் பெயர் வைத்திருந்தார்கள்: இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்து, பொஸ்ரன் நகரின் அருங்காட்சியகத்தில் முப்பது வருடம் கீழைத்தேயக் கலையோடு வாழ்ந்து, 1947இல் அமெரிக்காவிலேயே இறந்த மனிதரைப் பற்றி நான் முதல்முறை வகுப்பில் சொன்னபோது, “அது எங்கட முகாம்” என்று நாலைந்து கை உயர்ந்தது. அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கணம் நிற்கிறேன்.

2009இல் இந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. எனக்கு முப்பத்தொன்று, நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். கஷ்டப் பிரதேச சேவைக்காக வன்னிக்கு வந்தது 2014இல். காலை பஸ்ஸில் ஆனையிறவு தாண்டி வந்து, பின்னேரம் அதே பஸ்ஸில் திரும்புகிறவள். இதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் நியாயமில்லை.

படத்தை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய் மேசையில் விரித்தேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை புதுக்குடியிருப்புக்காரி. என்ன இழந்தவ என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கதைப்பதில்லை. அவ எழுந்து வந்து பார்த்தா. கன நேரம் பார்த்தா. பிறகு தாளைத் தூக்கி, முகம் கீழே இருக்கத் திருப்பி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டா.

நான் முடிவெடுத்தது அந்த இடத்தில்தான். அல்லது, அந்த இடத்தில் எடுத்தேன் என்று இவ்வளவு நாளாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். மணி அடித்திருந்தது. படத்தில் தூசி விழாமல் கவிழ்த்து வைப்பது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். அவ அதற்காகவும் செய்திருக்கலாம். இன்றுவரை நான் கேட்கவில்லை.

அன்று எனக்குள் ஓடியவற்றை எழுதுகிறேன். இந்தப் படம் வலயத்துக்குப் போனால் யார் யாரோ பார்ப்பார்கள். முகாமில் சனம் சந்தோசமாகத்தான் இருந்தது, பாருங்கள், பிள்ளையே கீறியிருக்கிறது என்று ஒருவர் சொல்லலாம். அந்தச் சொல்லை இந்தப் பிள்ளையின் படம் தாங்கக்கூடாது. இது ஒரு பயம். முகாமை ஏன் கீறவிட்டாய் என்று அதிபரை யாராவது கேட்கலாம். இது இன்னொரு பயம். முதலாவது அந்தப் பிள்ளைக்காக, இரண்டாவது எனக்காக. எது பெரிதாக இருந்தது என்று இப்போது நேர்மையாகச் சொல்ல எனக்கு முடியவில்லை. முதலாவதுதான் என்று எழுத வேண்டும் போல இருக்கிறது.

அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டேன். “பிள்ளை, உதை வலயத்துக்கு அனுப்ப ஏலாது” என்றேன். யுத்த சூனிய வலயம், முகாமில் வலயம், கல்வி வலயம். வன்னிப் பிள்ளைகளுக்கு எத்தனை வலயம் என்று அன்றிரவு படுக்கும்போதுதான் உறைத்தது. சொல்லும்போது உறைக்கவில்லை.

“எது பிழை ரீச்சர்?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பிள்ளை, நீங்கள் கீறினது சரி, பார்க்கிற ஆட்களை நினைத்து எனக்குப் பயமாயிருக்கு என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து வயது, விளங்கியிருக்கும். நான் சுவரைக் காட்டினேன். “நிறம். அவரைப் பாருங்கோ, அஞ்சு நிறம்தான். எவ்வளவு அமைதியா இருக்கு.” என்னுடைய பயத்தைத் தூக்கி ஒரு பெரிய ஓவியரின் தலையில் வைத்தேன். ஆசிரியர் சொன்னால் பிள்ளைகள் ஒருவேளை சந்தேகப்படுவார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் படம் சொன்னால் சந்தேகப்பட மாட்டார்கள்.

லௌரிக்கும் ஒருவர் நிறத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மன்செஸ்ரர் கார்டியன் பத்திரிகையில் விமர்சனம் எழுதிய ஒருவர், படங்கள் மிக இருண்டிருக்கின்றன என்றார். அதன்பிறகுதான் லௌரி பின்னணிக்கு வெள்ளை பூசத் தொடங்கினார், அந்த வெள்ளைதான் பிறகு அவருடைய அடையாளமாகவே ஆனது. ஆக, நிறம் பிழை என்று ஓர் ஆசிரியர் சொல்வதில் குற்றமில்லை என்று நான் பலமுறை என்னைத் தேற்றியிருக்கிறேன். ஆனால் அந்த விமர்சகர் தான் கண்டதைச் சொன்னார். நான் காணாததைச் சொன்னேன்.

ஏன் அவ்வளவு நிறம் என்று அவளிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கவேண்டும். அவளாகவே சொன்னது பிறகு, வேறு ஏதோ கதையில். மீளக்குடியேறின கையோடு தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டா. “அங்க இருக்கேக்க அம்மா நாள் முழுக்கப் பக்கத்தில” என்றாள். அம்மாச்சி தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை அறைகளில் பிறந்து, 77 கலவரத்தோடு கிளிநொச்சிக்கு வந்தவ. கூடார வரிசையைப் பார்த்து, “மறுபடியும் லயத்துக்கே கொண்டாந்துட்டாங்க” என்று அழுதாவாம். ஒரே தறப்பாளுக்குள் ஒருத்திக்கு லயம், ஒருத்திக்குத் தாயின் மடி. இரண்டும் பொய்யில்லை.

ஒரு கிழமை கழித்து அவள் இரண்டாவது படத்தோடு வந்தாள். வயல் கீறியிருப்பாள், தென்னை கீறியிருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதே முகாம். அதே கான்கள், அதே கற்கள். நிறம் பிழை என்றுதானே சொன்னேன், இடம் பிழை என்று சொல்லவில்லையே. ஐந்தே நிறத்தில் கீறியிருந்தாள். தறப்பாள் சாம்பல், வானம் அழுக்கு வெள்ளை. உடுப்பெல்லாம் கறுப்பும் காவியும், அதனால் முள்ளுக்கம்பி இப்போது தெளிவாகத் தெரிந்தது. சனம் சரிந்து நடந்தது. பட்டம் இல்லை.

இதை மறுத்தால் என் பொய்யை ஒத்துக்கொள்ளவேண்டும். அனுப்பினேன். இரண்டாம் இடம் கிடைத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அந்த வயதுக்கு எவ்வளவு வலி என்றார்கள். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. புதுக்குடியிருப்பு ஆசிரியை இரண்டாவது படத்தைப் பார்த்து, “நல்லாக் கீறியிருக்கிறாள்” என்று மட்டும் சொன்னா. அதுவும் எனக்கு எதையும் தீர்த்து வைக்கவில்லை. அவளுக்குப் பாராட்டுக் கிடைத்ததே, சோகத்தை எப்படிக் கீறுவது என்று ஒரு முறை தெரிந்துகொண்டாளே என்றும் நினைக்கிறேன். அவளுடையதல்லாத சோகம் என்றும் நினைக்கிறேன். பிறகு, அது அவளுடையதல்ல என்று சொல்ல நான் யார் என்றும்.

முதல் படத்தை அவள் சான்றிதழ் வாங்கிய அன்றே கேட்டு எடுத்துப் போய்விட்டாள். அந்த மார்கழி வெள்ளத்தில் இரணைமடு வான் கதவுகள் திறந்து ஊரெல்லாம் தண்ணீர் ஏறியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தாள்தான்.

போன மாசம் பாடசாலையில் கூட்டம் முடிந்து பிந்திவிட்டது. கிளிநொச்சியில் பஸ் ஏறினேன். ஆடைத் தொழிற்சாலை விட்ட நேரம், சீருடையோடு பெண் பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். பக்கத்தில் வந்து இருந்தவள் அவள். படம் வெள்ளத்தில் தப்பிவிட்டதாம். அம்மாச்சி படுக்கிற பக்கத்துச் சுவரில் இருக்கிறதாம்.

“அந்த முதல் படத்தில நிறம் பிழையில்லை, பிள்ளை” என்றேன். இத்தனை வருடம் கழித்து, பஸ் இரைச்சலுக்குள்.

“தெரியும் ரீச்சர். அப்பவே தெரியும்.”

“பிறகேன் மாத்திக் கீறினனீங்கள்?”

“நீங்கள் கேட்டனீங்கள்தானே” என்றாள். பரந்தன் சந்தி வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.